கதவைத் திறக்கும் திருக்கை
பிராட்டிமார் மூவரும் நமக்குக் கற்பிக்கும் பொறுமை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திவ்யதேசத்துக்குச் செல்லும் ஸ்ரீவைஷ்ணவன் முதலில் தாயார் ஸந்நிதியில் நின்று ஸேவித்து, அவள் அநுமதி பெற்ற பிறகே பெருமாள் ஸந்நிதிக்குச் செல்லுகிறான். சிறுவயதில் பெரியோர் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது நாம் கற்ற சிஷ்டாசாரம் இது. இன்று யாரும் சொல்லாமலே கால்கள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. ஏன் என்று குழந்தைகள் கேட்டால், "தாயார் நமக்காகப் பெருமாளிடம் சொல்லுவாள்" என்று ஒரே வரியில் விடை கூறிவிடுகிறோம்.

அவ்விடை தவறன்று. ஆனால் அதோடு நின்றுவிட்டால், தகுதியில்லாத ஒருவன் அதிகாரிக்கு வேண்டியவரைப் பிடித்துக் காரியம் ஸாதித்துக்கொள்வதைப் போல இது தோன்றக்கூடும். நம் பூர்வாசார்யர்கள் "புருஷகாரம்" என்று பெயரிட்டு அநுஸந்தித்த பொருள் அத்தகையதன்று. பிராட்டியை முன்னிட்டு எம்பெருமானைப் பற்றுகிறவன், பேறு பெறுவதோடு தானும் மாறவேண்டியவனாகிறான். அந்த மாற்றம் எது என்பதையே இங்குச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

அச்சம் எங்கே பிறக்கிறது?

எம்பெருமான் ஸர்வஜ்ஞன். நாம் மறந்துவிட்ட குற்றங்களையும் அவன் அறிவான். அவன் ஸர்வசக்தன், தண்டிக்க நினைத்தால் தடுப்பார் இல்லை. அவன் நிரங்குச ஸ்வதந்த்ரன்; ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாரும் இல்லை. அநாதி காலமாகக் கர்மங்களைச் சேர்த்து வைத்திருக்கும் சேதநன் இம்மூன்றையும் சேர்த்து நினைத்தால், அவன் திருமுன்பே நிற்கவும் கால் நடுங்கும்.

அவன் தந்தை அல்லனோ, அவனுக்கும் இரக்கம் உண்டே என்னலாம். உண்டு. ஆயினும் தந்தை மகனைத் திருத்தவேண்டியவனாகவும் இருக்கிறான். ஹிதம் செய்யவேண்டியவன் சில ஸமயம் முகம் கடுத்தே நிற்கவேண்டியதாகும். தாய்க்கு அந்தக் கடுமை கூடாது. குற்றம் செய்த பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது வாசல் வழியே வாராமல், கொல்லைப்புறமாகச் சென்று தாயின் பின்னே ஒளிந்துகொள்வதை நாம் அறிவோம். பிள்ளைக்கு யாரும் இதைக் கற்பிப்பதில்லை. ஸம்பந்தம் தானே கற்பிக்கிறது.

"ஸ்ரீ" என்னும் திருநாமம்

இந்தத் தாயை வேதம் மிகப் பழைய காலந்தொட்டே பாடுகிறது. ருக்வேதத்தின் பரிசிஷ்டமாக வழங்கும் ஸ்ரீஸூக்தத்தின் தொடக்கத்தில் ஒரு ரஸமான செய்தி உண்டு. அந்த ருக்கு பிராட்டியை நேரே அழைக்கவில்லை. அக்நியை விளித்து, அவளை எனக்காக இங்கே அழைத்துவா என்று வேண்டுகிறது. பின்னொரு ருக்கு, அவளுக்குப் பிள்ளையான கர்தமரை நோக்கி, உன் தாயை என் குலத்தில் வாழச்செய் என்கிறது. பெருமானிடம் சேர்ப்பிக்கும் தாயைக்கூட, அவளுக்கு வேண்டியவர் ஒருவரை முன்னிட்டே அணுகும் முறையை இதில் காண்கிறோம். உயர்ந்த பொருளைத் தனியே சென்று பறித்துக்கொள்ள முடியாது; ஒருவர் கைகாட்ட, அதைப் பணிந்து பெறவேண்டும்.

"ஸ்ரீ" என்னும் திருநாமத்துக்கு ஆறு வகையாகப் பொருள் கூறுவர். ச்ரீயதே: நம்மால் ஆச்ரயிக்கப்படுகிறாள். ச்ரயதே: தான் எம்பெருமானை ஆச்ரயித்திருக்கிறாள். ச்ருணோதி: நம் கூக்குரலைக் கேட்கிறாள். ச்ராவயதி: அதை அவன் திருச்செவியில் படும்படி கேட்பிக்கிறாள். ச்ருணாதி: நம்முடைய தடைகளைப் போக்குகிறாள். ச்ரீணாதி: நம்மைப் பக்குவப்படுத்துகிறாள்.

முதல் இரண்டு பொருள்கள் அவள் நிற்கும் இடத்தைக் காட்டுகின்றன. ஒரு பக்கம் நாம், ஒரு பக்கம் அவன். இரண்டு பக்கமும் அவளுக்கு உறவு உண்டு: நமக்குத் தாய், அவனுக்கு மஹிஷி. அடுத்த இரண்டும் அவள் செய்யும் காரியத்தைக் காட்டுகின்றன. கடைசி இரண்டையே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவனிடம் நமக்காகப் பேசுவதோடு அவள் நின்றுவிடுவதில்லை. நம்மிடமும் அவளுக்குச் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. காய் கனியாவதுபோல நம்மைக் கனிவிக்கவேண்டும்.

பிராட்டியின் ஸ்தானத்தை நிர்வஹிப்பதில் நம் ஸம்ப்ரதாயத்தின் இரு கலையாருக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. அவளை முன்னிட்டே அவனைப் பற்றவேண்டும் என்பதில் இருவர்க்கும் கருத்து ஒன்றே.

அசோகவனத்தில் நடந்தது

புருஷகாரம் என்றால் என்ன என்று அறிய அசோகவனத்துக்குச் செல்லவேண்டும். ஸ்ரீராமாயணம் சிறையிருந்த பிராட்டியின் ஏற்றத்தைச் சொல்லவந்தது என்பது பிள்ளை லோகாசார்யரின் திருவுள்ளம். அவர் ஸ்ரீவசநபூஷணத்தில், பிராட்டி எம்பெருமானைப் பிரிந்த மூன்று பிரிவுகளைக் கொண்டு அவளுடைய மூன்று குணங்களை வெளியிட்டருளினார். இலங்கையில் இருந்த முதற்பிரிவில் க்ருபை. கர்ப்பிணியாய்க் காட்டில் விடப்பட்ட இரண்டாம் பிரிவில் பாரதந்த்ர்யம். பூமியில் புகுந்த மூன்றாம் பிரிவில் அநந்யார்ஹத்வம். பின்னிரண்டும் அவனை வசமாக்க வேண்டிய குணங்கள். முதற்குணம் நமக்காக வேண்டியது.

அந்தக் க்ருபை எத்தகையது? பிராட்டியைச் சூழ்ந்திருந்த அரக்கியர் பத்து மாதம் அவளை அச்சுறுத்தினர், தின்றுவிடுவோம் என்றனர். த்ரிஜடை தான் கண்ட கனவைச் சொல்லி, இவளையே சரணம் புகுங்கள் என்று அவர்களுக்கு அறிவுறுத்தினாள். அவர்கள் வந்து கைகூப்பும் முன்பே, இது மெய்யானால் நான் உங்களுக்கு ரக்ஷகமாக இருப்பேன் என்று பிராட்டி தானாகவே கூறினாள்.

ராவணவதம் முடிந்தது. வெற்றிச் செய்தியைச் சொல்லத் திருவடி ஓடிவருகிறார். பிராட்டிக்கு மகிழ்ச்சியால் பேச்சு எழவில்லை. அப்போது அவர் ஒரு வரம் கேட்கிறார்: இந்த அரக்கியரைக் கொல்ல அநுமதி தரவேண்டும். முஷ்டியாலும் காலாலும் இவர்களைத் தண்டிக்கிறேன் என்கிறார்.

திருவடி கேட்டது அநியாயமா? அன்று. அவர்கள் செய்த கொடுமையை மரத்தின்மேல் இருந்து நேரில் கண்டவர் அவர். அவர் கோபம் பக்தியில் பிறந்தது. நியாயமும் அவர் பக்கமே இருந்தது.

பிராட்டி மறுத்தாள். இவர்கள் அரசன் ஆணைக்கு அடங்கிய பணிப்பெண்கள் என்றாள். நான் பட்டது என் வினையின் பயன் என்றாள். கரடி ஒன்று, தன்னிடம் அடைக்கலம் புகுந்த வேடனைப் புலி கேட்டும் கொடுக்க மறுத்த பழங்கதையை நினைவூட்டினாள். முடிவில், குற்றமே செய்யாதவர் இவ்வுலகில் யார் என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குமுன் வாயுபுத்ரன் தலைதாழ்ந்தார். கடலைத் தாண்டியவராலும் இதைத் தாண்ட முடியவில்லை.

ஸ்ரீபராசரபட்டர் அறுபத்தொரு ச்லோகங்களால் ஸ்ரீரங்கநாச்சியாரைப் பாடிய ஸ்ரீகுணரத்நகோசத்தில் இந்த இடத்தில் ஆழ்ந்து ஈடுபடுகிறார். பெருமாள் ரக்ஷித்தது, சரணம் என்று வந்த விபீஷணனையும் காகத்தையும். பிராட்டியோ, சரணம் என்று ஒரு வார்த்தையும் சொல்லாதவர்களை, அவர்கள் செய்த குற்றத்தின் ஈரம் உலரும் முன்பே ரக்ஷித்தாள். இதனால் பெருமாளுடைய ரக்ஷகத்வத்தின் ஏற்றமும் அவள் முன்னே சிறுத்துவிட்டது என்பது பட்டர் காட்டும் நயம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தச் சரிதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மை அரக்கியர் ஸ்தானத்தில் வைத்துக் கண்ணீர் உகுக்கிறோம். அது தகும். ஆனால் அன்றாட வாழ்வில் நாம் பெரும்பாலும் நிற்கும் இடம் திருவடி நின்ற இடம். ஓங்கிய கையோடு நிற்கிறோம். நியாயம் நம் பக்கம் இருக்கிறது; கண்ணால் கண்ட ஸாக்ஷ்யமும் இருக்கிறது. தண்டிக்க அநுமதி ஒன்றே குறை. அந்நேரத்தில் பிராட்டி நம்மைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கிறாள். அரக்கியராய் நின்று அதைக் கேட்டால் அமுதம். திருவடியாய் நின்று கேட்டால் கசக்கிறது. இரண்டும் ஒரே கேள்வி; கேட்பவளும் ஒரே தாய்.

குற்றம் குற்றமன்று என்றாளில்லை

இதனால், தீமையைத் தீமை என்று சொல்லக்கூடாது என்று கொள்ளலாகாது. அதே அசோகவனத்தில் ராவணனையும் பிராட்டி பார்த்தாள். துரும்பொன்றை நடுவே இட்டு, நீ வாழவேண்டுமானால் பெருமாளோடு நட்புக் கொள் என்று அவனுக்கு உபதேசித்தாள். அவனிடத்தும் அவளுக்கு ஹிதபுத்தி இருந்தது. ஆயினும் அவனுக்கு அவள் இணங்கவில்லை; அவன் செயலை நல்லது என்று கூறவுமில்லை. அவன் கேளாமையால் அழிந்தான்.

காகத்தின் கதையும் இதையே காட்டும். சித்ரகூடத்தில் இந்த்ரன் மகன் காக வடிவில் பிராட்டியிடம் அபசாரப்பட்டான். பெருமாள் ஒரு தர்ப்பையை அஸ்த்ரமாக ஏவினார். மூவுலகும் சுற்றியும் புகல் இல்லாமல் அவன் திரும்பவந்து விழுந்தான். விழுந்த நிலையில் அவன் கால் பெருமாள் பக்கம் இருக்க, பிராட்டி அவன் தலையைப் பெருமாள் திருவடிப்பக்கமாகத் திருப்பி வைத்தாள் என்பது பாத்மபுராணம் கூறும் செய்தி. தனக்கே தீங்கு செய்தவன், விழவும் முறையறியாமல் விழுந்தான். அவன் செய்யத் தெரியாத சரணாகதியை அவள் செய்வித்தாள். உயிர் பிழைத்தது, ஒரு கண் போயிற்று. பொறுத்தலும் உண்டு, திருத்தலும் உண்டு.

ராவணனைவிடக் காகம் செய்தது சிறிய குற்றமன்று. காகம் பிழைத்ததற்குப் பிராட்டி அங்கே உடனிருந்ததும், ராவணன் அழிந்ததற்கு அவள் பெருமாள் அருகே இல்லாததும் காரணம் என்று ஆசார்யர்கள் அருளிச்செய்வர்.

பூமிப்பிராட்டி

திருமஞ்சன காலத்தில் ஸ்ரீஸூக்தத்தோடு பூஸூக்தமும் நீளாஸூக்தமும் அநுஸந்திக்கப்படுவதை நாம் கேட்கிறோம். பெரியபிராட்டியார் க்ருபையின் வடிவம் என்றால், பூமிப்பிராட்டி பொறுமையின் வடிவம். "க்ஷமா" என்னும் சொல்லே பொறுமைக்கும் பூமிக்கும் பெயராக இருக்கிறது. வெட்டினாலும் தோண்டினாலும் நிற்க இடம் தருகிறாள். குத்திக் கிளறிய இடத்தில் பயிரை விளைவிக்கிறாள். ஜநகர் ஏர் உழுத சாலிலே ஸீதாபிராட்டியைத் தந்தவளும் அவளே.

வராஹநாயனார் அவளைப் ப்ரளயத்திலிருந்து எடுத்தபோது, தன் துயர் தீர்ந்ததோடு அவள் நிறைவு கொள்ளவில்லை. தன் மேல் வாழும் பிள்ளைகள் உய்ய எளிய வழி எது என்று கேட்டாள். உடலும் மனமும் நலமாக இருக்கும்போது ஒருமுறை என்னை நினைத்தவனை, அவன் கட்டைபோல் கிடக்கும் கடைசி நாளில் நான் நினைப்பேன் என்று அவன் உறுதி கூறினான். கரையேறியவுடன் மூழ்கிக்கிடப்பவர்களை நினைத்த தாய் அவள். அந்தக் கேள்வியின் பயனையே வராஹசரமச்லோகமாக நாம் இன்று அநுபவிக்கிறோம். அவளே ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் திருத்துழாய்த் தோட்டத்தில் ஆண்டாளாக வந்து அவதரித்து, அவ்வழியைத் தமிழில் நம் குழந்தைகளும் சொல்லும்படி செய்தருளினாள்.

நப்பின்னைப்பிராட்டி

நப்பின்னை தமிழருக்கு மிகப் பழைய உறவு. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையிலும் மாயவனோடு அவள் இருக்கிறாள். ஆயர்குலத்துப் பெண்ணாய், ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் கைப்பிடித்த இவளையே நீளாதேவியின் அவதாரமாக நம் முன்னோர் கொண்டாடுவர்.

திருப்பாவையில் ஆய்ச்சியர் கோயில் காப்பானை வேண்டி உள்ளே புகுந்து, நந்தகோபரையும் யசோதையையும் கண்ணனையும் பலராமனையும் எழுப்புகின்றனர். கண்ணன் எழவில்லை. அப்போது, பிராட்டியை முன்னிடாமல் வந்தோம் என்பதை உணர்ந்து, பதினெட்டாம் பாட்டில் நப்பின்னையை எழுப்பிக் கதவைத் திறக்க வேண்டுகின்றனர். அடுத்த இரண்டு பாட்டுக்களில் இருவரையும் சேர்த்தே பேசுகின்றனர்.

அவனை மட்டும் ஆசைப்பட்டாள் சூர்ப்பணகை, அவளை மட்டும் ஆசைப்பட்டான் ராவணன், இருவரும் கெட்டனர். இருவரையும் சேர்த்துப் பற்றிய விபீஷணன் வாழ்ந்தான். இது வ்யாக்யானங்களில் நாம் பலமுறை கேட்ட த்ருஷ்டாந்தம்.

எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது திருப்பாவையை அநுஸந்தித்தபடி செல்வது வழக்கம். ஒருநாள் பதினெட்டாம் பாட்டு திருவாக்கில் நிகழும்போது, தம் ஆசார்யன் ஒருவருடைய திருமாளிகை வாசலில் நின்றார். வளை ஒலிக்கக் கதவு திறந்தது. திறந்தவர் அவ்வாசார்யனின் திருமகளார். எம்பெருமானார் அச்சிறுபெண்ணை நப்பின்னையாகவே கண்டு, அங்கேயே ஸேவித்து மூர்ச்சித்து விழுந்தார். ஓடிச்சென்று மகள் சொல்லக் கேட்ட ஆசார்யன், பதினெட்டாம் பாட்டை அநுஸந்தித்திருப்பார் என்றாராம்.

உடையவருக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். பாட்டு ஒரு காலத்தது, கதவு இன்றையது. திறந்த கை ஒரு வீட்டுப் பெண்ணின் கை. அதிலே அவர் பிராட்டியின் திருக்கையைக் கண்டார். அப்படியானால் நம் கையும் ஒருவருக்குக் கதவைத் திறக்கும் கையாகலாம்.

பங்குனி உத்தரத்தில்

ஆண்டுக்கு ஒருநாள், பங்குனி உத்தரத்தன்று, திருவரங்கத்தில் நம்பெருமாளும் ஸ்ரீரங்கநாச்சியாரும் ஒரே ஆஸநத்தில் சேர்த்தி ஸேவை ஸாதிக்கின்றனர். எம்பெருமானார் கத்யத்ரயத்தை விண்ணப்பம் செய்தது இந்நாளிலேயே. அந்தச் சரணாகதிகத்யத்தில் அவர் முதலில் சரணம் புகுவது பிராட்டியிடமே.

சேர்த்திக்கு முன் நடக்கும் ப்ரணயகலஹத்தை ஸேவித்தவர் மறவார். உறையூருக்கு எழுந்தருளித் திரும்பிய நம்பெருமாள் தாயார் ஸந்நிதி வாசலுக்கு வர, கதவு அடைக்கப்படுகிறது. பக்தர்களுக்காகத் திறக்கும் அதே கதவு அவனுக்கு மூடிக்கிடக்கிறது. ஜகத்காரணன் வாசலில் நிற்கிறான். பின்வாங்கி மீண்டும் வருகிறான். முடிவில் நம்மாழ்வார் இடைநின்று ஸமாதாநம் செய்தருளக் கதவு திறக்கிறது. மற்றவர்க்கெல்லாம் புருஷகாரமாக நிற்பவளிடத்தில் அவனுக்கும் ஒரு புருஷகாரம் வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் நின்றவர் ஓர் அடியார்.

இனி நம் கோஷ்டியைப் பார்ப்போம். ஒரே கோஷ்டியில் அருகருகே அமர்ந்து ஒரே பாசுரத்தை ஸேவிக்கிறோம். ஒரே தீர்த்தத்தைக் கையில் ஏற்கிறோம். அந்த ஆழ்வாரே ஸ்ரீசடகோபமாய் ஒவ்வொருவர் முடியிலும் எழுந்தருளுகிறார். வெளிப்ராகாரத்துக்கு வந்ததும், உடன்பிறந்தவனையோ பழைய தோழனையோ கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சொத்துப் பிரிவினையில் ஒரு சொல், திருமணத்தில் ஒரு மரியாதைக் குறைவு, ஆண்டுகள் பலவாயின. கதவு அடைத்தே கிடக்கிறது. நாளும் த்வயத்தில் பிராட்டியை முன்னிடுகிறோம். நம் குற்றங்களை அவன் காணாதபடி மறைக்க வேண்டுகிறோம். பிறர் குற்றங்களையோ ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கிறோம். தாயின் முந்தானையில் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தே உடன்பிறந்தவனைக் கல்லால் எறியும் பிள்ளையைத் தாய் என்ன செய்வாள்?

"ச்ரீணாதி" என்னும் பொருள் இங்கேதான் பலிக்கவேண்டும். பிராட்டியால் பொறுக்கப்பட்டவன் என்பதற்கு அடையாளம், பொறுக்கத் தெரிந்தவனாவது.

ஸ்ரீகுணரத்நகோசத்தில் பட்டர் மற்றொன்றும் காட்டுகிறார். கைகூப்பிய ஒருவனுக்குப் பிராட்டி ஐச்வர்யத்தையும் ஆத்மாநுபவத்தையும் பரமபதத்தையும் கொடுத்துவிடுகிறாள். கொடுத்தபின், அவன் கைகூப்பிய வருத்தத்துக்குத் தக்கது ஒன்றும் தந்திலோமே என்று வெட்கித் தலைகவிழ்கிறாள். தந்ததைக் கணக்கெழுதாதவள், பட்டதை எப்படிக் கணக்கெழுதுவாள்? அவள் பிள்ளைகளான நாம் யாரிடம் கற்றோம் இந்தக் கணக்கை?

அடுத்தமுறை தாயார் ஸந்நிதியில் நிற்கும்போது நம் விண்ணப்பங்களைச் சொல்லும் முன், நாம் நெடுநாள் சுமந்துவரும் ஒருவருடைய குற்றத்தை நினைப்போம். அதை அவள் திருவடிகளில் இறக்கிவைப்போம். அது குற்றமன்று என்று சொல்லவேண்டா. குற்றமே செய்யாதவர் யார் என்று அவள் கேட்டதை மட்டும் நினைத்தால் போதும். பிறகு பெருமாள் ஸந்நிதிக்குச் செல்வோம். ஸேவை முடிந்து திருமாளிகை திரும்பும் வழியில், அடைத்துக்கிடக்கும் வாசல் ஒன்றில் சற்று நிற்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.
பெரியபிராட்டியார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜதாஸன்